நடு இரண்டு சிலிண்டரும் இளைத்தது ஏன்?

கேள்வி: அப்பா 1984-இல் வாங்கிய அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. இன்றும் ஓட்டுகிறோம். ஆறு மாதமாக இழுவையே இல்லை. காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துக்கொள்கிறது. வள்ளியூர் வரை போய் நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் முரண்டு பிடிக்கிறது. ஐடிலிங்கில் நடுங்குகிறது. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் முதல் சிலிண்டர் 120, இரண்டாவது 75, மூன்றாவது 80, நான்காவது 115 பிஎஸ்ஐ. “மணலைக் குடிச்சுக் குடிச்சு போர் தேஞ்சிட்டு, இன்ஜினை இறக்கிருவோம்” என்கிறார் மெக்கானிக் அண்ணாச்சி. இறக்கலாமா?
— வாசகர், கூடங்குளம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.

அண்ணாச்சி காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் பக்கத்துத் தேரி மணல் கண்ணைத் திறக்க விடாது. ஏர் கிளீனரைக் கவனிக்காத வண்டியில் அந்தத் தூசு ரிங்கையும் போரையும் அரம் போட்ட மாதிரி ராவிவிடும். ஆனால் அது நான்கு சிலிண்டரையும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தின்னும். போர் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். உங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் நான் ஹெட்டைத்தான் சந்தேகிப்பேன்.

இந்த 1489 சிசி இன்ஜின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலும் இருந்த பிஎம்சி பி-சீரிஸ். இதில் 2, 3 சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் நடுவில் ஒரே வாசல் வழியாக வெளியேறும். சூடு அதிகம் தங்கும் இடம் அதுதான். வால்வு கருகுவதும் பெரும்பாலும் அங்கேதான். இன்னொன்று, இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றுபோனது. பழைய இரும்பு ஹெட்டின் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தை. அது போனபின் எக்ஸாஸ்ட் சீட் மெல்ல மெல்ல உள்வாங்கும். வால்வு மேலே ஏற ஏற டேப்பட் இடைவெளி குறைந்து காணாமல் போகும். சூட்டில் வால்வுத் தண்டு நீண்டதும் வால்வு முழுதாக மூடாது. குளிர்ந்த வண்டி எடுக்கிறது, சூடான வண்டி முரண்டுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இதோடு பொருந்துகிறது.

ஆகவே முதல் வேலை டேப்பட். ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணினால் 4-வது, 5-வது வால்வுகள்தான் நமக்குச் சந்தேகமான இரண்டு எக்ஸாஸ்ட். 4 முழுதாகத் திறந்து நிற்கும்போது 5-ஐப் பாருங்கள். 5 திறந்திருக்கும்போது 4-ஐ. 15 தௌ ஃபீலர் தகடு நுழையவே மறுத்தால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. எட்டு வால்வையும் சரிசெய்துவிட்டு மறுபடி கேஜ் வையுங்கள். இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

கேஜ் இல்லாத காலத்தில் இதைக் கையாலேயே கண்டுபிடித்தார்கள். பிளக்குகளை மாட்டி, காயில் வயரை மட்டும் எடுத்துவிட்டு, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், சுற்றிப் பிடிக்காதீர்கள். திருப்பி அடித்தால் விரல் போய்விடும். இந்த இன்ஜினின் வெடிப்பு வரிசை 1-3-4-2. உங்கள் வண்டியில் அரைச்சுற்றுக்கு ஒருமுறை கனம், லேசு, கனம், லேசு என்று மாறி மாறி உள்ளங்கையில் தெரியும்.

டேப்பட்டுக்குப் பிறகும் எண் ஏறவில்லையா? 2, 3 பிளக் ஓட்டைகளில் ஆளுக்கொரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். நன்றாக ஏறினால் ரிங், போர். அசையாமல் நின்றால் பஞ்சர் கடைக்குப் போய் காற்றடியுங்கள். இரண்டாவது பிஸ்டனைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாகக் காற்று விட வேண்டும். சைலன்ஸரில் ‘உஸ்’ என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டரில் என்றால் இன்லெட். மூன்றாவது பிளக் ஓட்டையில் காற்று கையில் பட்டால் இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று வந்தால் ரிங்.

வால்வு என்றால் லேத் பட்டறையில் ஹெட்டைக் கொடுத்து, கடினமான எக்ஸாஸ்ட் சீட் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். வெறும் கிரைண்டிங் இன்றைய பெட்ரோலில் நெடுநாள் தாங்காது. வேலை முடிந்து வந்ததும் ஹெட்டின் வாசல்களில் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரத்தில் கசிகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டே வாங்குங்கள். கேஸ்கட் என்றால் ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்.

போரை மட்டும் இத்தனையும் பார்க்காமல் தொட விடாதீர்கள். ஒருமுறை கடைந்த இரும்பு திரும்ப வராது, ஒரு பிளாக்கைச் சில முறைதான் கடைய முடியும். அம்பாசடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. ஆயில் விட்டதும் 75 என்பது 110-க்குத் தாவினால் மட்டும் அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுங்கள்.