பொடியாக்கினால் போதுமா? நிலக்கரி 'சார்' வாயுவாகும் கதை

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளில் விறகடுப்பைப் பார்த்திருப்பீங்க. சுள்ளி சட்டுன்னு எரிந்து முடியும். கட்டை நின்று எரியும். "அப்போ நிலக்கரியையும் பொடியாக்கினா சீக்கிரம் வாயுவாகிடும், அவ்வளவுதானே?" என்று கேட்டால், பாதிதான் சரி.

முதலில், சார் என்றால் என்ன? (எழுந்து நிற்க வேண்டாம், புரொபசர் வரவில்லை!) நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கினால் ஈரமும், தாரும், ஆவியாகும் பொருட்களும் வெளியேறும். மிஞ்சும் கரிதான் சார். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரியாக்கிய 'லெக்கோ' ஒரு காலத்தில் தமிழக வீடுகளில் அடுப்பெரித்தது. அதுவும் இந்த வகைதான். சார் நீராவியோடு வினைபுரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடோடு என்றால் கார்பன் மோனாக்சைடு மட்டும். இரண்டுமே வெப்பத்தை விழுங்கும் வினைகள்.

துகள் அளவு

வெப்பநிலை குறைவு என்றால் வினையே மெதுவாக நடக்கும். வாயு துகளின் மையம் வரை போய்ச் சேர நேரம் இருக்கு. அதனால் சிறு துகளை இன்னும் பொடியாக்கினாலும் வேகம் பெரிதாக மாறாது. வெப்பநிலை ஏறினால் கதை வேறு: வாயு உள்ளே நுழைவதற்குள் வெளிப்பக்கமே அதைத் தீர்த்துவிடும், மையம் சும்மா கிடக்கும். பொடியாக்குவது பலன் தருவது இங்கேதான். அர்ஹீனியஸ் வரைபடத்தின் சாய்வு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தால் இந்த நிலைக்கு வந்துட்டோம்னு அர்த்தம்.

சூடாக்கும் விதம்

வேகமாகச் சூடாக்கினால் ஆவிகள் முண்டியடித்து வெளியேறி பெரிய துளைகளை விட்டுச் செல்லும்; சார் சுறுசுறுப்பாக வினைபுரியும். மெதுவாகச் சூடாக்கினால் சார் அடர்த்தியாகும். உயர் வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால் கார்பன் அடுக்குகள் ஒழுங்காக அமைந்து வினைத்திறன் இன்னும் குறையும். கவனிங்க: பெரிய துகளின் உட்பகுதி தானாகவே மெதுவாகத்தான் சூடாகும். ஆக, இந்த இரண்டு காரணிகளும் தனித்தனி இல்லை.

இதனால் என்ன?

சாம்பல் அதிகமுள்ள நம் நாட்டு நிலக்கரிக்காக திருச்சி பெல் நிறுவனம் 6.2 மெகாவாட் சோதனை நிலையத்தில் ஃப்ளூயிடைஸ்டு பெட் முறையை முயன்றது. அத்தகைய கலனில் துகள் நொடிகளில் சூடாகிவிடும். ரொம்பப் பொடியாக இருந்தால் வினை முடியுமுன்பே வாயுவோடு பறந்துவிடும். டி.ஜி.ஏ.வில் நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடாக்கிய சாரின் வேகத்தை அப்படியே அங்கே போட்டால் கலனின் அளவே தப்பாகிவிடும்.

எனவே புராஜெக்ட் ரெக்கார்டில் வினை வேகத்துக்கு முன்னால் நான்கு எண்களை எழுதுங்க: துகள் அளவு, சூடாக்கிய வேகம், உச்ச வெப்பநிலை, அதில் வைத்த நேரம். வைவாவில் அந்த 'சார்' பற்றி இந்த சார் கட்டாயம் கேட்பார்!