பழி மறைத்தலும் பிழை திருத்தலும்

நற்காட்சியின் எட்டு அங்கங்களையும் நம் இல்லங்களில் சிறுவர்கூட வரிசை பிறழாது சொல்வர். ஒப்புவிப்பது எளிது. ஆயின் அவற்றுள் ஐந்தாவதாகிய உபகூகனமும் ஆறாவதாகிய ஸ்திதிகரணமும் அன்றாட வாழ்வில் ஒன்றோடொன்று மோதுவன போலத் தோன்றும் இடங்கள் பலவுண்டு. முன்னது பிறர் குற்றத்தை மறை என்கின்றது. பின்னது வழுவியவரைத் திருத்தி நிலைநிறுத்து என்கின்றது. மறைத்துவிட்டால் திருத்துவது எங்ஙனம்? திருத்த வாய் திறந்தால் குற்றம் வெளிப்பட்டுவிடாதோ?

இது வெறும் ஏட்டு வினா அன்று. அபிஷேகத்தின்போது முறை தவறியதாக ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் இரு குடும்பங்கள் பல்லாண்டு பேசாமலிருப்பதை நம் ஊர்களில் காண்கின்றோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சமணர் எனப் பதிவானோர் ஏறத்தாழ 89,000 பேரே. வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்த தொகை இது. முப்பது நாற்பது வீடுகள் உள்ள ஊரில் இரு வீடுகள் முகம் திருப்பிக்கொண்டால் பூசை முறையும் திருவிழா வரியும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் எல்லாம் தடுமாறும். ஆகவே இவ்விரண்டு அங்கங்களையும் சற்று நிதானித்து ஆராய்வோம்.

ஸ்ரீ சமந்தபத்திர சுவாமிகள் 150 சுலோகங்களால் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் உபகூகனத்திற்குக் கூறும் இலக்கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. நெறி தன்னியல்பிலே தூயது. அறியாதவராலும் ஆற்றல் இல்லாதவராலும் அதற்கு நேரும் பழியைத் துடைப்பதே உபகூகனம் என்பது அவர் கருத்து. இங்கே இரு சொற்களைக் கவனிக்கவேண்டும். அறியாமை ஒன்று, இயலாமை மற்றொன்று. இவ்விரண்டாலும் நேர்ந்த வழுவையே மறைக்கச் சொன்னார். அறிந்தும் ஆற்றலிருந்தும் வேண்டுமென்றே பிறர்க்குத் தீங்கு செய்வாரைப் பற்றி அவ்விலக்கணம் பேசவில்லை. இவ்வேறுபாட்டை மறந்தமையால் விளைந்த குழப்பம் பெரிது.

இவ்வங்கத்திற்கு எடுத்துக்காட்டாக அந்நூல் சுட்டுவது ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரை. தாம்ரலிப்தி நகரில் வாழ்ந்த அவர் மாளிகையின் ஏழாம் நிலத்தில் பார்சுவநாதர் திருவுருவம் இருந்தது. அதன் குடையில் விலைமதிப்பற்ற வைடூரியம் ஒன்று பதிக்கப்பெற்றிருந்தது. அதனைக் கவர விரும்பிய கள்வன் ஒருவன் க்ஷுல்லக வேடம் பூண்டு, உண்ணாநோன்பால் உடல் மெலிந்தவனாய் வந்து சேர்ந்தான். வணிகர் அவனை நம்பி, மணியைக் காக்கும் பொறுப்பையும் அவனிடமே விட்டுக் கடற்பயணத்திற்குப் புறப்பட்டார். அன்றிரவே அவன் மணியுடன் ஓடினான். மணியின் ஒளியே அவனைக் காட்டிக்கொடுக்க, காவலர் துரத்தினர். தப்ப வழியின்றி ஓடியவன் ஊர்ப்புறத்தில் தங்கியிருந்த வணிகரிடமே வந்து வீழ்ந்தான். அவர் உண்மையை நொடியில் உணர்ந்தார். ஆயினும் காவலரிடம், தாம் சொல்லியே அவர் மணியைக் கொண்டு வந்தார் என்றும், தவசியைக் கள்வர் என்றது தகாது என்றும் கூறி அனுப்பிவிட்டார். பின்னர் மணியைப் பெற்றுக்கொண்டு, அவனை அவ்விரவிலேயே அங்கிருந்து போக்கினார்.

இக்கதையை இளைஞர்களிடம் சொல்லும்போது அவர்கள் உடனே கேட்பது, வணிகர் பொய்யன்றோ சொன்னார் என்பதே. கேட்பது நியாயமே. இல்லறத்தார்க்குரிய வாய்மை அணுவிரதத்தை அதே நூல் விளக்கும்போது, பெரும்பொய் சொல்லாமையோடு, பிறர்க்கு ஆபத்து விளைக்கும் உண்மையையும் சொல்லாமை என்று வரையறுக்கின்றது. காவலர் கையில் அகப்பட்டிருந்தால் அவன் உயிர் எஞ்சியிராது. வேடம் கண்டு மெய்த்துறவியரையும் ஊரார் ஐயுற்றிருப்பர். இவ்விரண்டையும் அவர் எண்ணினார். ஆனால் நாம் அதனோடு நிறுத்திவிடக் கூடாது. மணி மீண்டது, கள்வன் வெளியேற்றப்பட்டான். மீண்டும் அவனை ஆலயத்தில் வைத்துப் போற்றினார் என்று கதை சொல்லவில்லை. ஊர் அறியாமற் காத்தார். உள்ளே கண்டிப்பாக முடித்தார். கோயிற் பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்காதவரையோ, ஆதரவற்றாரிடத்தும் சிறாரிடத்தும் கொடுமை செய்தவரையோ உபகூகனம் என்னும் பெயரால் மூடி வைப்பார்க்கு இக்கதை துணை நில்லாது. அங்கே மறைப்பது அறத்தின் பழியை அன்று, குற்றவாளியின் வசதியையே.

இனி ஸ்திதிகரணம். காட்சியினின்றோ ஒழுக்கத்தினின்றோ நழுவுவாரை, அறத்தில் அன்புடைய அறிஞர் மீண்டும் நிலைநிறுத்துவது என்பது இலக்கணம். திருத்துவார்க்கு இரு தகுதிகள் வேண்டும்: அன்பு, அறிவு. அறிவு மட்டும் உள்ளவர் திருத்தினால் காயம் மிஞ்சும். அன்பு மட்டும் உள்ளவர் திருத்தவே மாட்டார்.

சிரேணிக மன்னனுக்கும் சேலினிக்கும் மகனாகிய வாரிஷேணர் இளமையிலேயே துறவு பூண்டார். அவர் நண்பன் புஷ்படாலன், நண்பரின் முகத்துக்கு அஞ்சியே துறவேற்றான். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் இல்லத்தில் விட்டு வந்த மனைவியின் நினைவு அகலவில்லை. ஒருநாள் அவன் புறப்பட்டே விட்டான். வாரிஷேணர் அதனை அறிந்து, சினந்து ஒரு சொல்லும் கூறினாரில்லை. பிற துறவியரிடம் உரைத்தாருமில்லை. அவனைத் தம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மகன் வழுவி வந்தானோ என ஐயுற்ற அன்னை, பற்றுடையார்க்கு ஓர் இருக்கையும் பற்றற்றார்க்கு ஓர் இருக்கையும் இட்டுப் பார்த்தாள். அவர் பற்றற்றார் இருக்கையில் அமர்ந்தார். பின் தம் மனைவியரை அணி பூண்டு வரச்செய்து, இவர்களையும் இவ்வரசையும் நீயே ஏற்றுக்கொள் என்று நண்பனிடம் கூறினார். தாம் விட்டு வந்தது எத்தகையது, அவன் விடமாட்டாமல் தவிப்பது எத்தகையது என்பதைச் சொல்லாமலே காட்டிவிட்டார். புஷ்படாலன் நாணி, மெய்யாகவே துறவியானான். நண்பன் தானே தன் பிழையைக் காணும் இடத்திற்கு அவனை அழைத்துச் சென்றதே வாரிஷேணர் செய்தது.

நம் தமிழ் நூலாகிய நீலகேசியின் தொடக்கமும் இங்கே நினைக்கத்தக்கது. காளிக்கு ஆடு பலியிட வந்த மக்களை முனிச்சந்திரர் இழித்துப் பேசவில்லை. அவர்களது வேண்டுதலையும் பழிக்கவில்லை. மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்கலாமே என்று மாற்று வழி காட்டினார். கொலையும் நின்றது, வந்தவர் மனமும் புண்படவில்லை. அவரை அச்சுறுத்தவும் மயக்கவும் வந்த நீலியிடமும் அவர் சினம் கொள்ளாமையால் அவளே அறங்கேட்டு, பின்னர்ப் பல சமயத்தாரோடும் வாதிடும் நீலகேசியானாள். வாதமே நிறைந்த அக்காப்பியத்தின் வாயிலில் சினமற்ற ஒருவர் அமர்ந்திருப்பதை நாம் போதிய அளவு போற்றுவதில்லை என்றே தோன்றுகிறது.

திருத்துவார்க்கு வேண்டிய அறிவைப் பற்றி ஒரு சிறு எடுத்துக்காட்டு. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதும்போது சிலர் ‘அரிஹந்தாணம்’ என்பர், சிலர் ‘அரஹந்தாணம்’ என்பர். ஒரு சாரார் மறுசாராரைச் சபையிலேயே நிறுத்தித் திருத்துவதுண்டு. திருத்தப்பட்டவர், அதிலும் அவர் வயதில் மூத்தவராயின், அடுத்த வாரம் ஸ்வாத்தியாயத்திற்கு வருவதில்லை. வீரசேனாசாரியர் தம் தவளா உரையில் வினைப்பகையை அழித்தவர் என்றும், பூசைக்கு உரியவர் என்றும் இருவகைப் பொருளும் கொண்டு விளக்கியுள்ளார். ஒடிசா மாநிலம் உதயகிரியில் காரவேல மன்னர் பொறித்த ஹாத்திகும்பா கல்வெட்டில் ‘அரஹந்த’ என்னும் வடிவே உளது. இரண்டும் மரபுடையவையே. திருத்தியவர் தம் ஆசிரியரிடம் கேட்ட ஒன்றையே உலகம் முழுதும் என்று எண்ணிவிட்டார். அவ்வளவே. உண்மையிலேயே பிழையாயின், வழிபாடு முடிந்து வெளியே வருங்கால், “அண்ணா, இந்த இடத்தை எங்கள் ஊரில் வேறு மாதிரி சொல்வோம், உங்களுக்கு யார் கற்பித்தார்கள்?” என்று கேட்டால் போதுமே.

புக்ககம் வந்த மருமகளின் நிலை இதனினும் நுட்பமானது. பிறந்த வீட்டில் கிழங்கு விலக்கும் வழக்கம் தளர்ந்திருக்கலாம். பொழுது சாய்ந்தபின் உண்ணும் பழக்கம் நகரத்தில் ஏற்பட்டிருக்கலாம். விருந்தினர் முன்னிலையில், “உங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லையா, அம்மா?” என்று மாமியார் கேட்கும் அந்த ஒரு வினாவில், பெண்ணுக்கு ஒழுக்கம் கற்பிக்கப்படுவதில்லை, அவள் பெற்றோர்க்குப் பழி கற்பிக்கப்படுகிறது. மாலை உணவை அனைவர்க்குமே பொழுதோடு சமைத்து முடித்தால், யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள், பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மூடுதல், தன்னிடம் இல்லாததைக் காட்டுதல் ஆகியவை நீச கோத்திர வினைக்கு வாயில் என்கின்றார். பிறர் பழியும் தன் புகழும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டமை தற்செயலன்று. சபையில் ஒருவரைத் திருத்தும்போது நம் புலமையும் உடன் விளங்குமன்றோ? சமந்தபத்திரரும் வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் பிறர் மறைவை வெளியிடுதலையும் கோள் சொல்லுதலையும் சேர்த்துள்ளார். சொன்னது மெய்தானே என்று தப்பிக்க இடமில்லை. திருக்குறளில் இனியவை கூறலும் பொறையுடைமையும் புறங்கூறாமையும் தனித்தனி அதிகாரங்களாக அமைந்ததும், நாலடியாரில் சினமின்மையை அடுத்தே பொறையுடைமை வைக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே.

இதுகாறும் திருத்துவாரைப் பற்றியே பேசினோம். திருத்தப்படுவார் புண்படுவதையும் பார்க்கவேண்டும். நம் ஆகமம் இதில் வியக்கத்தக்க நுட்பம் காட்டுகிறது. கோபம் நால்வகை. கல்லிற் கீறிய கோடு, மண்ணில் விழுந்த பிளவு, புழுதியில் இட்ட கோடு, நீரில் வரைந்த கோடு எனக் கோம்மடசாரம் உவமிக்கும். மானத்திற்கும் கல், எலும்பு, மரம், பிரம்பு என்று வளையாமையின் அளவைச் சொல்லும். அதனோடு, இவற்றின் வாசனை உள்ளத்தில் தங்கும் காலத்தையும் அந்நூல் வரையறுக்கின்றது. சஞ்ஜ்வலனம் அந்தர்முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்களுக்கும் குறைவு. பிரத்தியாக்கியானாவரணம் ஒரு பக்ஷம். அப்பிரத்தியாக்கியானாவரணம் ஆறு மாதம். அதற்கும் மேற்பட்டு, பிறவிகள்தோறும் தொடர்வது அனந்தானுபந்தி. இது நற்காட்சியையே கெடுப்பது.

இக்கணக்கை நம் வீட்டு மனத்தாங்கலோடு வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டுத் திருவிழாவில் முன்வரிசையில் இடம் தரவில்லை என்று மனம் குமுறிக்கொண்டிருப்பவர், தம்மைப் புண்படுத்தியவர் செய்த குற்றம் எவ்வளவு என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றார். நூலோ, அக்குற்றம் எத்துணைப் பெரிது என்று கேட்கவில்லை. உன்னிடம் எத்தனை நாள் தங்கியது என்று கேட்கின்றது. ஆறு மாதம் கடந்தும் ஆறாத சினம், நோன்பையும் பூசையையும் தாண்டி அடித்தளத்தையே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று ஐயுறுதல் வேண்டும்.

தசலக்ஷண பர்வம் நிறைவுற்றபின் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகின்றோம். நல்ல வழக்கமே. ஆனால் நடைமுறையில் நாம் மன்னிப்புக் கேட்பது பெரும்பாலும் யாரிடம்? நம்மோடு மனத்தாங்கலே இல்லாத உறவினரிடமும் நண்பரிடமும். உண்மையில் பேசாதிருக்கும் வீட்டின் வாயிலைக் கடந்து, அடுத்த வீட்டில் கைகூப்புகின்றோம். மேலும், ஆண்டுக்கொருமுறை என்பது மேற்சொன்ன ஆறு மாத எல்லையினும் இருமடங்கு நீண்டது. அதனாலன்றோ மூலாசாரம் பிரதிக்கிரமணத்தைப் பகல், இரவு, பக்ஷம், நான்கு மாதம், ஆண்டு என்று பகுத்து வைத்தது! அது துறவியர்க்கு விதித்த முறையாயினும், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை யாரோடு பேச்சு நின்றிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது இல்லறத்தார்க்கும் இயலாததன்று. சதுர்த்தசி நோன்பு இருப்போர்க்கு அந்நாளே பொருந்தும்.

எல்லாம் செய்தும் கேளாதார் உளர். அவரைப் பற்றியும் உமாசுவாமிகள் விட்டுவிடவில்லை. எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தில் மிக்காரிடத்து உவகை, துன்புறுவாரிடத்து அருள், உபதேசத்தை ஏலாதாரிடத்து மத்தியஸ்தம் என நான்கு பாவனைகளைச் சொன்னார். ஏலாதாரிடத்து மேலும் மேலும் இடித்துரைக்கச் சொல்லவில்லை, வெறுக்கவும் சொல்லவில்லை. மத்தியஸ்தம் என்பதைச் சிலர் முகம் பாராதிருத்தல் என்று கொள்கின்றனர். அது சினத்தின் மற்றொரு வடிவே. விருப்பும் வெறுப்பும் இன்றி நிற்பதுதான் அச்சொல்லின் பொருள். அவ்வீட்டாரும் அபிஷேக முறைக்கு உரியவரே. திருவிழா அழைப்பிதழ் அவ்வீட்டிற்கும் வழக்கம்போலவே சென்று சேரவேண்டும். அதனை ஆள்வழி அனுப்பாமல் நேரிற் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் நன்று.