செஞ்சிக்கோட்டையும் இரு நாட்டு ஆராய்ச்சியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் செஞ்சி என்னும் ஊர் உள்ளது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதில் ஒன்று முக்கோணமாக வளைத்து நிற்கின்றது. அவற்றுள் இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. நாயக்கரும் பீசப்பூர்ச் சுல்தானியரும் மராட்டியரும் முகலாயரும் அடுத்தடுத்து ஆண்ட இக்கோட்டையைப் பிரெஞ்சுப் படை 1750-ஆம் ஆண்டில் ஓர் இரவிலே தாக்கிக் கைப்பற்றியது. 1761-இல் ஆங்கிலேயரிடம் அதனை இழந்தது.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பிரெஞ்சு நாட்டார் மீண்டும் செஞ்சிக்கு வந்தனர். அவர்கள் பீரங்கியோடு வரவில்லை. அளவுநாடாவும் குறிப்பேடும் கொண்டு வந்தனர்.

1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்திய ஆட்சியின்கீழ் வந்தது. ஆண்ட நாடும் விடுதலை பெற்ற நாடும் கசப்போடு பிரிவதே பெரும்பாலும் உலக வழக்கு. ஆயின், இங்கே இரு நாட்டு அரசுகளும் உடன்பட்டு, 1955 மார்ச்சில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. மருத்துவம் பயின்று பின்னர் வடமொழியிலும் தமிழிலும் புலமை எய்திய ழான் பிலியோசா அதன் முதல் இயக்குநர் ஆனார். அந்நிறுவனம் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தோடு கூடித் தாவர வரைபடங்களையும் வெளியிட்டது.

செஞ்சியின் அரசர் வரலாற்றைச் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் ஆராய்ந்து எழுத, 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. பின்னாளில் ழான் தெலோஷ் என்னும் பிரெஞ்சு அறிஞர் கோட்டையின் கற்களையே சான்றாகக் கொண்டார். கல் எங்ஙனம் சான்று பகரும் என்று நீங்கள் வினவலாம். வெடிமருந்து பரவுவதற்கு முன் மதிலுக்கு உயரமே வலிமை. அம்பையும் ஏணியையும் தடுத்தால் போதும். பீரங்கி வந்தபின் உயர்ந்த மெல்லிய மதில் எளிய இலக்காயிற்று. ஆகவே மதிலைப் பருமனாக்கினர். பீரங்கியை நிறுத்தித் திருப்புதற்கேற்ற வட்டக் கொத்தளங்களை எழுப்பினர். நுழைவழியை வளைத்து வளைத்து அமைத்தனர். இவ்வேறுபாடுகளை அறிந்தவர்க்கு மதிலின் ஒவ்வொரு பகுதியும் தன் காலத்தைச் சொல்லிவிடும்.

பீரங்கி இருந்தும் குடிநீர் இல்லையேல் பயன் என்ன? குன்றின்மேல் சுனைகள் உள்ளன. அடிவாரத்தில் குளங்களும் பெருங்களஞ்சியங்களும் உள்ளன. கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் வந்தது. மராட்டிய மன்னர் இராசாராம் தங்கியிருந்தபோது முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முயன்ற பின்னரே கோட்டையைப் பிடிக்க முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்நீர்நிலைகளின் அருமை விளங்கும்.

மதிலை மட்டும் ஆராய்வதில் ஒரு குறை உண்டு. இடிந்துபோனது கண்ணுக்குப் புலனாகாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் தமிழகக் கோட்டைகள் பலவற்றைப் படமாக வரைந்து வைத்தனர். போருக்கென வரைந்த அப்படங்கள் பிரான்சு நாட்டு ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கல் இங்கே இருந்தது. படம் அங்கே இருந்தது. இரண்டும் ஓரிடத்திற் சேர்ந்தாலன்றி உண்மை முழுதும் வெளிப்படாது. தெலோஷ் செஞ்சியைப் பற்றி எழுதிய நூல் 2005-இலும், பிரெஞ்சுப் படங்களைக்கொண்டு தமிழகக் கோட்டைகளை விளக்கும் நூல் அதற்குப் பின்னரும் புதுச்சேரியிலேயே வெளிவந்தன. ஆராய்ச்சியின் பயன் அயல்நாட்டுக்குச் சென்றுவிடாமல், ஆராயப்பட்ட மண்ணிலேயே நூலாக வெளிவந்தது பாராட்டத்தக்கது.

இத்தகைய பதிவுகள் எப்போது உதவும் என்பதை முன்கூட்டி உரைத்தல் அரிது. அந்நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்களை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஒளிப்படங்களில் பதிந்துள்ளனர். விருத்தாசலம் கோயிலிலிருந்து களவு போன அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஆஸ்திரேலியக் கலைக்கூடம் ஒன்றில் காணப்பட்டபோது, அது கோயிலில் இருந்ததை அப்படத் தொகுப்பே காட்டிற்று. 2014-இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

2025 ஜூலைத் திங்களில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று செஞ்சி.