அடைத்துக்கொள்ளும் குழாய்

என் மகனின் தலையில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. பத்து வயதுக்குள் அதை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. "டாக்டர் சரியாக வைக்கவில்லையா?" என்று சங்க நிகழ்ச்சிகளில் அன்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

மூளையின் உள்ளறைகளில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறுகிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர். அது மூளையைச் சுற்றி வந்து இரத்தத்தில் கலக்க வேண்டும். வழி அடைபட்டால் தேங்கி மூளையை அழுத்தும். இதுவே ஹைட்ரோகெபாலஸ். நாம் ஆவி பிடிக்கும் நீர்க்கோவை வேறு, இது வேறு. தேங்கும் நீரைத் தோலுக்கடியில் வயிற்றுக்குள் இறக்கிவிடும் மெல்லிய சிலிக்கோன் குழாய்க்கு ஷண்ட் என்று பெயர். இடையில் ஒரு வால்வு உண்டு.

மூளைப் பக்கத்து முனையிலுள்ள நுண்துளைகளைத் திசு அடைத்துவிடும். கிருமி தொற்றலாம், இது பெரும்பாலும் முதல் சில மாதங்களில். பிள்ளை வளர வளரக் குழாய் எட்டாமல் போகலாம், முறியலாம். குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் ஏறத்தாழப் பாதி இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகின்றன. கைதேர்ந்த மருத்துவர் வைத்தாலும் இதே கதைதான்.

1960இல் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்ட் டாலின் கைக்குழந்தை தியோ இருந்த தள்ளுவண்டி மீது டாக்ஸி மோதியது. அவனுக்கு வைத்த ஷண்ட் மீண்டும் மீண்டும் அடைத்தது. பொம்மை விமான எஞ்சின்கள் செய்த ஸ்டான்லி வேட், அறுவை மருத்துவர் கென்னத் டில் ஆகியோருடன் சேர்ந்து டால் புதிய வால்வு ஒன்றை உருவாக்கினார். அது வந்தபோது தியோவுக்குத் தேவைப்படவில்லை; மற்றப் பல குழந்தைகளுக்கு உதவியது. ஆயினும் அடைப்பு இன்றும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

மூன்றாம் முறை நடந்தது இது. கோடை விடுமுறைக்கு டில்லியிலிருந்து ஊருக்குப் புறப்பட்டோம். நாக்பூர் தாண்டியதும் பையன் வாந்தியெடுத்தான். ரயில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ஊரில் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் விடியும்போதே தலைவலி என்று அழுதான். மதியம் எழுப்பியும் எழவில்லை. அன்றிரவே அறுவை சிகிச்சை, பிழைத்தான். குழாய் அடைத்தது யார் குற்றமும் அன்று. ஒன்றரை நாள் வீணாக்கியது எங்கள் குற்றம்.

ஷண்ட் வைத்த பிள்ளைக்கு வாந்தி, காலைத் தலைவலி, மீறிய தூக்கம், கண் கீழ்நோக்கிச் செருகுதல், காய்ச்சல், குழாய் போகும் தடத்தில் வீக்கம், கைக்குழந்தையாயின் உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் முதல் சந்தேகம் ஷண்ட் மீதே விழட்டும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிள்ளை நலமாக இருந்தபோது எடுத்த ஸ்கேன் படம், ஷண்டின் வகை, அறுவை நடந்த தேதிகள் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். புதிய ஊர் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.

இப்போது ஊருக்குக் கிளம்பும்போது பயணச்சீட்டுக்கு முன்னால் அந்தப் பையைத்தான் என் மனைவி எடுத்து வைக்கிறாள்.