மீண்டும் சுழலும் கடைசல் இயந்திரம்

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சென்னபட்டணா உள்ளது. அங்கே செய்யப்படும் வண்ண மரப்பொம்மைகள் புகழ்பெற்றவை. தமிழ்நாட்டில் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் அத்தகையவையே. இவ்விரு வகைப் பொருள்களும் கடைசல் இயந்திரத்தில் உருவாகின்றன.

மத்தைக் கயிற்றால் முன்னும் பின்னும் சுழற்றி மோர் கடைகிறோம். முற்காலக் கைவினைஞர்கள் மரத்துண்டை வில்லின் நாணால் அவ்வாறே சுழற்றி, உளியால் உருவம் கொடுத்தனர். இரு செயல்களுக்கும் தமிழில் ‘கடைதல்’ என்பதே பெயர். இன்று வில்லின் வேலையை மோட்டார் செய்கிறது.

சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்பு தாழை ஓலையால் தேய்த்தால் பொம்மை பளபளக்கும். மரம் ஆட்டமின்றிச் சுழன்றால்தான் அரக்கு சீராகப் படியும். ஆதலால் பழைய இயந்திரம் வாங்குவோர் அதன் நிறத்தையும் துருவையும் விட அதன் சுழற்சியையே முதலில் ஆராய வேண்டும்.

மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது நம் வழக்கம். இயந்திரத்தின் வார்ப்பிரும்பு அடித்தளத்தையும் அவ்வாறே மெல்லத் தட்டலாம். கணீரென்ற ஓசை நல்ல அறிகுறி. மங்கிய ஓசை எழுந்தால் விரிசல் உள்ளதா என்று நன்கு பார்க்க வேண்டும். அடுத்து, மரத்தை இருபுறமும் தாங்கும் கூர்முனைகளை நெருக்கிப் பார்க்க வேண்டும். அவை நேருக்குநேர் சந்திக்க வேண்டும். பின்பு சுழல்தண்டைக் கையால் சுற்றினால், கரகரப்போ ஆட்டமோ இருத்தலாகாது.

எல்லாக் குறைகளும் பெருங்குறைகள் அல்ல. அடித்தளம் பிளந்திருந்தால் சீரமைப்பது கடினம். துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு நீக்கலாம். இற்றுப்போன பெல்ட்டை மாற்றலாம். தேய்ந்த பேரிங்கையும் மாற்றலாம்; அதன்மேல் பொறித்துள்ள எண்ணே அதன் முகவரி. சான்றாக, 6205 என்னும் எண் கொண்ட பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52 மில்லிமீட்டர், அகலம் 15 மில்லிமீட்டர். உலகில் எங்கு வாங்கினும் இவ்வளவுகள் மாறா.

பகுதிகளைக் கழற்றும்போது வரிசையாக எண்ணிட்டு வைத்தால், மீண்டும் பூட்டுவது எளிது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே எப்பணியையும் தொடங்க வேண்டும். மின்கம்பிகளைத் தேர்ந்த மின்பணியாளரே மாற்ற வேண்டும். இயக்குவோர் தளர்ந்த ஆடை அணிதல் கூடாது. நீண்ட கூந்தலை முடிந்து, கண்ணாடியால் கண்களைக் காக்க வேண்டும்.

ஒரு சிறு பேரிங் தேய்ந்ததற்காகப் பல இயந்திரங்கள் இரும்பு விலைக்கு விற்கப்பட்டு, உலைக்குச் செல்கின்றன. எது தேய்ந்தது, எது தேயவில்லை எனப் பிரித்தறிபவர் அவ்வியந்திரத்தை மட்டும் காப்பதில்லை. அதை நம்பி வாழும் ஒரு கைவினைஞரின் தொழிலையும் காக்கிறார்.

சொற்பொருள்

நாண் – வில்லின் கயிறு
உராய்வு – ஒன்றோடொன்று தேய்தல்
இற்றுப்போதல் – நைந்துபோதல்

பயிற்சி

1. பழைய கடைசல் இயந்திரம் வாங்குவோர் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள் யாவை?
2. மரம் ஆட்டமின்றிச் சுழல வேண்டியது ஏன்?
3. பிரித்து எழுதுக: வார்ப்பிரும்பு, மரத்துண்டு.
4. ‘கடை’ என்னும் சொல் அங்காடி, இறுதி, கடைதல் ஆகிய பொருள்களில் வருமாறு மூன்று தொடர்கள் எழுதுக.
5. உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பொருள் ஒன்றைப் பெரியோர் துணையுடன் ஆராய்க. அதில் தேய்ந்த பகுதி எது, தேயாத பகுதி எது என ஐந்து வரிகளில் எழுதுக.