தாத்தா காலத்துப் பிக்கப்பை மறுபடி ஓடவைக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியிலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகிற வழியிலோ மாந்தோப்புகளுக்குள் எட்டிப் பார்த்தால், பம்புசெட் அறையை ஒட்டி ஒரு பழைய பிக்கப் டயர் அமுங்கி நிற்கும். மஹிந்திரா ஜீப் பிக்கப்பாக இருக்கலாம், 1969இல் வந்த மெட்டடோராக இருக்கலாம், 1988இல் வந்த டாடா 206ஆகவோ அதற்கடுத்த 207ஆகவோ இருக்கலாம். 2005இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டியானை’ என்று பெயர் வாங்கிய பிறகு இவற்றில் பல ஓரம் கட்டப்பட்டன. சப்பட்டை மாங்காயும் பஞ்சவர்ண மாங்காயும் மண்டிக்குப் போனது இந்த வண்டிகளில்தான். பால் கேன் ஏறியது, உரமூட்டை ஏறியது, கல்யாணச் சீர் ஏறியது. எடைக்குப் போடும் முன் அதை ஒருமுறை மீட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது சொன்னால், அவருக்காகத்தான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சுமை இழுத்த வண்டி. மீட்பது என்றால் மறுபடி சுமை இழுக்கத் தகுதியாக்குவது. அதற்கு வரிசை உண்டு: காகிதம், சேஸ், பிரேக், எஞ்சின், பிறகு பாடி, கடைசியில் பெயிண்ட். பெரும்பாலானோர் பெயிண்டிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் அங்கேயே தீர்ந்துபோகிறது, அடியில் சேஸ் அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஸ்பேனரைத் தொடும் முன்

*செய்ய வேண்டியவை*

ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். பழைய புத்தகத்தில் மாவட்டம் ராமநாதபுரம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1985இல் பிரியும் வரை இந்தப் பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1989க்கு முந்தைய வண்டி என்றால் மூன்றெழுத்துப் பதிவெண் இருக்கும். அந்த விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். ஏறவில்லை என்றால் அந்த வேலையை இப்போதே தொடங்கினால்தான், வண்டி தயாராகும்போது காகிதமும் தயாராகும்.

பெயர் மாற்றத்தை முடியுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் குடும்பங்களில் இதை யாரும் செய்வதில்லை. தாத்தா போய்ப் பல வருடம் ஆனாலும் வண்டி அவர் பெயரிலேயே நிற்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தை, சித்தப்பா உள்பட எல்லா வாரிசுகளிடமும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். வண்டி துருவாக நிற்கும்போது எல்லோரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். செலவு செய்து ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். நிற்கிற வண்டியால் உறவு கெட வேண்டாம்.

வரி பாக்கி, பசுமை வரி, அபராதம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் தகுதிச் சான்று (எஃப்.சி.) வருடத்துக்கு ஒருமுறை. இந்தத் தொகையும் மீட்புச் செலவுதான்.

*செய்யக்கூடாதவை*

சேஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. முதல் நாளே அந்த இடத்தைத் துடைத்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே டேப் ஒட்டி, பட்டறையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். அந்த எண் அழிந்தால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் சட்டத்தின் முன் அது வெறும் இரும்பு.

வேறு வண்டி எஞ்சினை முன் அனுமதி இல்லாமல் மாட்டாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

‘விண்டேஜ்’ பதிவுக்கு ஆசைப்படாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி, 50 வயது கடந்த சொந்த உபயோக வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்டவோ தொழிலுக்கு எடுக்கவோ முடியாது. கண்காட்சிக்குப் போகிற காருக்கு அது சரி. தோப்புக்குப் போகிற பிக்கப்புக்குச் சரிவராது.

துருவைத் தேடும்போது

*செய்ய வேண்டியவை*

வண்டி என்ன சுமந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். துரு எங்கே இருக்கும் என்பதற்கு அதுதான் வரைபடம். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றிய வண்டியில் தொட்டித் தகட்டின் மடிப்புகளும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் போயிருக்கும்; உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேங்காய் மட்டை ஏற்றியதில் மட்டையின் தூளும் நாரும் மூலைகளில் தங்கி நாள்கணக்கில் ஈரம் காக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கொண்டுபோன வண்டியில், சிந்திய பால் புளித்து அமிலமாகி, கேன் வரிசை நின்ற இடத்தை அரித்திருக்கும்.

சின்னச் சுத்தியலால் சேஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று திருப்பிச் சொல்லும். அரித்த இடம் ‘தொப்’ என்று அமுங்கும். கமான் பட்டை மாட்டுகிற ஹேங்கர், ஸ்டியரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம், குறுக்குச் சட்டம் சேஸோடு சேரும் மூலை, இந்த மூன்றிலும் அவசரம் கூடாது. கேபினில் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பு, கண்ணாடிச் சட்டத்தின் கீழ்மூலை, ஆசிட் வழிந்த பேட்டரித் தட்டு ஆகியவையும் வழக்கமான இடங்கள்தான்.

பொருக்குத் துருவை முழுவதும் உரித்துவிட்டுத்தான் முடிவெடுங்கள். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். ஸ்பாட் வெல்டிங் வைத்த இரண்டு தகடுகளுக்கு நடுவே அது புகுந்தால் தகடுகளையே பிரித்துத் தள்ளிவிடும். வெளியே விரலளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்று நினைத்தே பட்ஜெட் போடுங்கள்.

சேஸின் இரண்டு பக்கச் சட்டங்களும் பல இடங்களில் ஓட்டையாகியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த வண்டியில் நாளைக்கு ஆள் ஏறப்போகிறார்.

*செய்யக்கூடாதவை*

மெல்லிய பாடித் தகட்டை முழு அழுத்தத்தில் மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்யாதீர்கள். சேஸ் தாங்கும், சுமார் 1 மில்லிமீட்டர் தகடு சூடேறி நெளிந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் அதை நேராக்க முடியாது. ஆற்று மணலை வைத்து அடிக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலைக் கல்லாக்கும்.

பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் உண்டு. தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெல்டிங், பட்டி

இங்கேதான் அதிகமாக ஏமாற்று நடக்கிறது.

*செய்ய வேண்டியவை*

அரித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பாடித் தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங் நல்லது. ஒரே இழுப்பாக ஓட்டாமல் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு வைத்தால் தகடு நெளியாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

துரு எடுத்த இரும்பை அன்றைக்கே பிரைமர் அடித்து மூடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போட்டால், டப்பாவில் சொன்னபடி கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர். சேஸுக்கு எபாக்சி பிரைமர் கூடுதல் செலவுதான், ஆனால் அந்தச் செலவை நான் தயங்காமல் செய்யச் சொல்வேன். டப்பா வடிவச் சட்டங்களுக்கு உள்ளேயும் மெழுகு எண்ணெய் பீய்ச்சுங்கள். அடியில் தண்ணீர் வடிகிற துளைகளைத் திறந்து வையுங்கள்.

*செய்யக்கூடாதவை*

ஓட்டையைப் பட்டியால் அடைக்க விடாதீர்கள். பட்டி, நெளிவை நிரவ மெல்லிய பூச்சாக வைப்பதற்கு உள்ளது. துணியும் ரெசினும் வைத்து ஓட்டையை மூடி மேலே பட்டி தேய்த்தால் ஐப்பசி மழை வரை தாங்கும். பிறகு உள்ளிருந்து கொப்புளம் கிளம்பும். பட்டி பார்க்கும் முன் வெறும் தகடாக இருக்கும் நிலையில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டிங்கர் இதற்குக் கோபப்பட மாட்டார். தன் வேலையைக் காட்டவே விரும்புவார்.

டீசல் டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று அதன்மேல் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டேங்குக்குள் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். பெட்ரோல் டேங்க் இன்னும் மோசம். கழற்றித் தனியாக, அந்த வேலையே செய்கிறவரிடம் கொடுங்கள்.

பிரேக்கும் எஞ்சினும்

*செய்ய வேண்டியவை*

எஞ்சின் உறுமுவதைக் கேட்க எல்லோருக்கும் அவசரம். முதலில் பிரேக். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரித்து, ரப்பர் கப்களையும் ஹோஸ்களையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. நின்ற வண்டியில் அந்த ஈரம் குழாயை உள்ளிருந்தே அரித்திருக்கும். இரும்புக் குழாயில் துருப்பொட்டு தெரிந்தால் புதிதாக இழுக்கச் சொல்லுங்கள்.

நின்றுபோன எஞ்சினில் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். டீசல் எஞ்சின் என்றால் நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். பிறகு கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால், நாசில் கழற்றிய நிலையிலேயே செல்ஃப் அடித்து மிச்ச ஆயிலை வெளியேற்றி, அதன் பிறகு மாட்டுங்கள். டேங்கைக் கழுவி, டீசல் ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்தால்தான் பம்ப் பிழைக்கும்.

கிடைக்காத புஷ், பின் போன்றவற்றுக்கு அலைய வேண்டாம். நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். கதவுக் கைப்பிடி, விளக்குச் சட்டம், மீட்டர் போன்றவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம்.

*செய்யக்கூடாதவை*

கட்டி இழுத்து கியரில் போட்டு எஞ்சினைக் கிளப்பாதீர்கள். இறுகிய பிஸ்டன் ரிங் அங்கேயே உடையும்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்று அடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். ஈரத்துணியால் துடையுங்கள்.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு, அது இல்லையென்றால் கனமான மரக்கட்டைகள் வேண்டும். செங்கல் கூடவே கூடாது.

பட்டன் நன்றாக இருக்கிறது என்று பழைய டயரை ஓட்டாதீர்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயது தாண்டியதைச் சுமையோடு ஓட்டுவது ஆபத்து.

வடித்த ஆயிலை ஓடையில் ஊற்றாதீர்கள். மேலே இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம், கீழே இருப்பது உங்கள் கிணறு.

பெயிண்ட் அடிக்கும் கட்டத்தில்

*செய்ய வேண்டியவை*

பழைய பெயிண்டைச் சுரண்டும் முன், கேபின் நெற்றியில் ‘அய்யனார் துணை’ என்றோ, தொட்டிப் பக்கத்தில் தோப்பின் பெயர் என்றோ எழுதியிருப்பதை டிரேசிங் தாளில் அப்படியே படி எடுங்கள். அளவு, நிறம், நிழல்கோடு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தூரிகை பிடித்து ஒருவர் கையால் எழுதியது. சிவகாசியில் எந்த ஸ்டிக்கரும் அடித்து வாங்கலாம். அந்த எழுத்தை வாங்க முடியாது. பக்கத்தில் கையால் எழுதுகிற ஓவியர் ஒருவர் இருந்தால் அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள்.

தை, மாசியில் அடியுங்கள். அப்போதுதான் சித்திரையில் மாங்காய் இறங்கும்போது வண்டி தயாராக இருக்கும்.

*செய்யக்கூடாதவை*

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டூகோ அடித்தால் பெயிண்ட் வெள்ளையாகப் பூத்துவிடும். ஆடிக்காற்றில் திறந்தவெளியில் அடித்தால் மேலெல்லாம் மண். நிறத்தை மாற்ற விரும்பினால் ஆர்.சி.யில் ஏற்றாமல் மாற்றாதீர்கள். மாற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஊரில் அந்த வண்டியை அந்த நிறத்தில்தான் தெரியும்.

தொட்டியின் ஒவ்வொரு நெளிவையும் எடுக்காதீர்கள். ஓட்டை, விரிசல், கூர்விளிம்பு ஆகியவற்றைச் சரிசெய்தால் போதும். பெட்டியும் மூட்டையும் இடித்த தடம் அந்த வண்டியின் கணக்கு.

ஓடத் தொடங்கிய பிறகு

முதலில் தோப்புப் பாதையில் காலி வண்டியாக ஓட்டி பிரேக் பாருங்கள். பிறகு அரைச் சுமை. யூ போல்ட், வீல் நட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிய பிறகே 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏற்றுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் அந்தச் சாலையைத் தொடக்கூடத் தொடாதீர்கள்.

உரமோ பாலோ ஏற்றி இறக்கிய அன்றே தொட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஈரத்தோடு படுதா போட்டு மூடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது பத்துக் கிலோமீட்டர் ஓட்டுங்கள், மழைக்கு முன் அடியில் படுத்து வடிதுளைகளில் மண் அடைத்திருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.