சங்கிலி வாளைக் கூர் தீட்டலும் பராமரித்தலும்

விருதுநகர் ஜில்லாவின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகாக்கள் மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் பேர்போனவை. சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாமரங்களில் அறுவடைக்குப்பின் பட்ட கிளைகளைக் கழிக்கவும், காய்ப்பு ஓய்ந்த தென்னைகளை வீழ்த்தவும் முன்னர் கோடரியும் கைவாளும் உபயோகமாயின. இப்பொழுது பெட்ரோலால் ஓடும் சங்கிலி வாள் அவ்வேலையைச் செய்கிறது. வேலை விரைவில் முடிகிறதெனினும், வாளைப் பராமரிக்கும் முறை அறியாவிடில் ஆளுக்கும் மரத்துக்கும் கேடு நேரும்.

இச்சங்கிலியின் பல்லமைப்பு ஒரு புழுவினிடமிருந்து கற்றதாகும். அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ் என்பவர், 1946-ல் நீள்கொம்பு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாக அரித்துச் செல்வதைக் கவனித்து, அதுபோலவே இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி அமைந்த சங்கிலியைச் செய்தார். நம் மாமரத்தைத் தண்டு துளைத்துக் கெடுக்கும் புழுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

மழுங்கியதற்கு அடையாளங்கள்

கூரிய சங்கிலி செதில் செதிலாக மரத்தூளைத் தள்ளும். மழுங்கியது மாவுபோன்ற பொடியை உதிர்க்கும். வாளை அழுத்தினாலன்றி இறங்காமை, எண்ணெய் இருந்தும் புகைதல், அறுப்பு ஒருபக்கமாகச் சாய்தல் ஆகியவையும் அடையாளங்களாம். மழுங்கிய வாளை அழுத்தும் ஆள் சீக்கிரம் களைத்துப் பிடி தளர்வான். அந்நிலையில் வாள் நுனியின் மேற்பகுதி வேறொரு கிளையில் பட்டால், வாள் கண்ணிமைக்கு முன் முகத்தை நோக்கி எகிறும். மேலும், மழுங்கிய பல் பட்டையைக் கிழிக்கும். கிழிந்த இடங்களில் தண்டு துளைப்பான் வண்டு முட்டையிட ஏதுவாகும்.

கூர் தீட்டும் முறை

1. இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கின் வயரைக் கழற்றுக. மின்சார வாளாயின் இணைப்பை அல்லது பாட்டரியை நீக்குக. தோல் கையுறை அவசியம்.

2. தகட்டை அசையாமல் இறுக்கிப் பிடிக்கச் செய்க. ராவும்போது சங்கிலி நகராதிருக்கத் தடையைப் போடுக. அடுத்த பல்லுக்கு நகர்த்தும்போது மட்டும் அதை எடுக்கலாம்.

3. சங்கிலிக்கு ஏற்ற உருண்டை அரத்தையே வாங்குக. கிளை கழிக்கும் சிறு வாள்களுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் அரமும், நடுத்தர வாள்களுக்கு 4.8 மில்லிமீட்டர் அரமும் பொருந்தும். சரியான அளவு வாளுடன் வரும் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும்.

4. பல்லின் உட்புறமிருந்து வெளிப்புறமாக, சாதாரணமாக 30 பாகை சாய்வில் ராவுக. தள்ளும்போது மட்டும் அரம் பல்லில் படவேண்டும், திரும்பும்போது தூக்கிவிடுக. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே நிற்பது சரியான உயரம்.

5. மிகக் குட்டையான பல்லை அளவாகக் கொண்டு எல்லாப் பற்களையும் அதே நீளத்துக்குக் கொணர்க. ஒருபக்கப் பற்களை முடித்தபின் மறுபக்கம் செல்க.

6. பல்லுக்கு முன்னுள்ள முளை, பல் எவ்வளவு ஆழம் கடிப்பது என்பதை நிர்ணயிப்பது. அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருத்தல் போதும். அளவுத்தகடு வைத்துத் தட்டை அரத்தால் ராவுக. வேகத்துக்கு ஆசைப்பட்டு அதிகம் ராவினால் வாள் எகிறும் அபாயம் பெருகும்.

பல்லின் வெட்டும் பகுதி 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், பல் விண்டாலும், சங்கிலியை மாற்றிவிடுக.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை

சங்கிலி தகட்டின் அடியில் படிந்து, கையுறையணிந்த கையால் இழுக்கச் சுலபமாக ஓடவேண்டும். சூட்டில் சங்கிலி நீளும். ஆகையால் வேலையின் நடுவே இறுக்கியிருந்தால் வேலை முடிந்ததும் தளர்த்துக. பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் சங்கிலி எண்ணெயும் நிரப்புக; கழிவு இஞ்சின் எண்ணெய் கூடாது. தகட்டின் பள்ளத்தையும் எண்ணெய்த் துவாரத்தையும் சுத்தம் செய்து, தகட்டை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போடுக.

தென்னையின் அடியில் ஒட்டிய மண்ணை வாள் வைக்குமுன் துடைத்துவிடுக. மணல் பட்டால் புதுச் சங்கிலியும் நொடியில் மழுங்கும். ஆணி அறைந்த மரங்களையும் முன்னரே பார்த்துக்கொள்க.

மலையோரத் தோப்புகளில் மா, புளி முதலிய மரங்களில் நரை அணில் கூடு கட்டுவதுண்டு. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஏற்பட்டுள்ளது. எனவே கூடுள்ள கிளையை விட்டுவிடுவதும், வனத்தை ஒட்டிய மரங்களை வெட்டுமுன் வனத்துறையாரைக் கலந்துகொள்வதும் தோப்புக்காரர் கடமையாகும். ஆளை அமர்த்தும்போது கூலியைப் பேசுவதோடு, சங்கிலியின் கூரையும் தடையையும் ஒருமுறை பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் செய்தல் நலம்.